தள்ளிப் போட்ட பெஞ்சுகள்

காலை வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் வகுப்பறைத் தரையில் நீண்டு கிடக்கிறது. தலைமையாசிரியை ஒரு முனையையும் ஆபீஸ் கிளார்க் மறுமுனையையும் பிடித்து, பெஞ்சுகளை ஓசைப்படாமல் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள். பக்கத்து ஆலை மூடியதிலிருந்து குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைக் காலி செய்கின்றன. மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு அறை வெறிச்சென்று தெரியக் கூடாதென்று இருவரும் தினமும் இப்படிச் செய்கிறார்கள். "இதுக்கு மேல தள்ளினா சுவத்துல இடிக்கும், மேடம்." "சுவரையும் கொஞ்சம் தள்ளிடலாமாக்கா?" என்று சிரிக்கிறார் தலைமையாசிரியை. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. இந்த வருடத்தோடு பள்ளியை மூடுகிறார்கள் என்று கல்வி அலுவலகத்திலிருந்து நேற்று ஃபோனில் சொன்னதை அவர் இன்னும் கிளார்க்கிடம்கூடச் சொல்லவில்லை. மணி அடிக்கிறது. முதலில் ஓடி வந்த ரெட்டைச் சடைக்காரி, "இவ்ளோ தூரத்துல உக்காந்தா எப்படி டீச்சர் பேசிக்கறது?" என்று கேட்டபடி தன் பெஞ்சைத் தோழியின் பெஞ்சோடு இழுத்து ஒட்டுகிறாள். மற்றவர்களும் கிறீச்சிட இழுக்கிறார்கள். எல்லாரும் ஒரு மூலையில் நெருக்கியடித்து உட்கார, மீதி அறை முழுக்க வெறுந்தரை. ஆண்டவர் இவர்களை எங்கே போனாலும் இப்படியே ஒட்டி வைக்கட்டும். தலைமையாசிரியை கரும்பலகையின் பக்கம் திரும்பித் தேதியை எழுதுகிறார். எழுதி முடித்த பிறகும் இந்தப் பக்கம் திரும்பாமலே நிற்கிறார்.