முந்தாநாள் கொண்டுவந்த கிளி

ஞானதாஸ் கிரேன் மெக்கானிக். மாதத்தில் இருபது நாள் ஒடிசாப் பக்கம் வேலை. ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பும்போதெல்லாம் நாலு வயது மகள் ஷெரினுக்கு ஏதாவது வாங்கி வருவான். இந்த முறை, மரத்தில் செய்த பச்சைக் கிளி.

ஷெரின் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அதே போன்ற கிளி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "ரெண்டு ஆயிடுச்சுப்பா."

"இது ஏது?"

மனைவி மம்தா சிரித்தாள். "இன்னா இப்படிக் கேக்கறீங்க? முந்தாநாள் நீங்கதானே கொண்டாந்தீங்க? பாப்பாவுக்குச் சோறு ஊட்டி, ஜடை பின்னி வுட்டீங்க. உங்களுக்குப் பின்ன வரும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். சாயங்காலமே அவசர வேலைன்னு கெளம்பிட்டீங்க."

முந்தாநாள் அவன் நாற்பதடி உயரத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து, மகளுக்குச் சோறூட்டி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தான். வீடு வந்த அன்று மதியம் சீப்பை எடுத்து மகளுக்குப் பின்னிப் பார்த்தான். ஷெரின் வலி தாங்காமல் தலையை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நல்லா பின்னினியேப்பா."

திங்கட்கிழமை மறுபடியும் கிளம்பினான். பங்காருப்பேட்டையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போன் செய்தான். ஷெரின் எடுத்தாள்.

"பாப்பா, அப்பா பேசறேன்."

"அப்பா இங்கதான் கீறாரு," என்றாள். போனை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

ரயில் நகர்ந்தது. அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மகளின் சிரிப்பையும், கூடவே கேட்ட தன் சிரிப்பையும், போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே போனான்.