பசுமலையிலிருந்து பழங்காநத்தம் வரை

டைல்ஸ் கடை மாடியில் ஓட்டக் குழுவின் ஐந்து பேர் இருந்தார்கள். கடைக்காரர் சௌந்தரபாண்டியன். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் பெனிட்டா. வங்கியில் வேலை பார்க்கும் காஜா மைதீன். மருமகள் சுகந்தி. அவளுடைய மாமனாரான அவர்.

ஆறாவது ஆள் இல்லை. பின்னால் ஊருக்குள் பேசியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

சுவரில் வெள்ளைப் பலகை. பலகையில் மதுரை வரைபடம்.

ஞாயிறு காலை நாலரைக்குத் தமுக்கத்தில் புறப்பாடு. சிம்மக்கல்லை லாரிகள் நுழையுமுன் தாண்டிவிட வேண்டும். திருப்பரங்குன்றம் போய், கோயில் வாசலில் திரும்பி, வேறு வழியாக ஊருக்குள் வர வேண்டும். முப்பத்திரண்டு கிலோமீட்டர். தண்ணீர் நான்கு இடத்தில். உப்புத் தடவிய ஆரஞ்சுச் சுளை இரண்டு இடத்தில்.

காஜா எழுதிக்கொண்டே வந்தான்.

முன்னால் ஓடுபவர்: சௌந்தரபாண்டியன்.

கடைசி ஆள்: பெனிட்டா.

அவர் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

கடைசி ஆள் என்றால் மெதுவாக ஓடுகிறவர் என்று பொருளல்ல. எவருக்குத் தசை பிடித்தாலும் கூட நிற்பவர். யாரையும் பின்னால் விட்டுவிட்டு வராதவர். குழுவில் அதைவிடப் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு வருடமாக அந்த இடம் சுகந்தியுடையது.

"பேரை ஏன் மாத்துனீக?"

காஜா பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

சௌந்தரபாண்டியன்தான் சிரித்தார். "அதில்லீங்கய்யா. போன ஞாயிறு நம்ம சுகந்தி அஞ்சு நிமிசத்துல மூணு கிலோமீட்டர் ஓடியிருக்கு. அம்புட்டு வேகத்தக் கடைசியில போட்டு வீணாக்கலாமா? ஒலிம்பிக்குக்குல்ல அனுப்பணும்."

கைப்பேசியை நீட்டினார். வரைபடத்தில் சுகந்தியின் பெயர். பசுமலையிலிருந்து பழங்காநத்தம் வரை ஒரு சிவப்புக் கோடு. ஓடும் மனிதருக்கு வராத வேகம்.

ஆட்டோ என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

அதில்தான் அவருக்கு ரத்தம் கொதித்தது. முகத்துக்கு நேரே கேட்கத் துப்பில்லாதவர்கள் ஒரு வீட்டின் பெயரைப் பலகையில் அழிக்கிறார்கள்.

"பாதியில வண்டி ஏறுற ஆளுக எங்க வீட்டுல கிடையாது!"

மேசையில் ஓங்கி அடித்தார். மாதிரிக்கு அடுக்கி வைத்திருந்த ஓடுகள் அதிர்ந்தன.

சுகந்தி ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு ஓடுகளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுதல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

போன ஞாயிறு பசுமலையில் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அவள் கூட நின்றாள். "போ. எனக்குக் காவல் வேண்டாம்" என்று விரட்டினார்.

கடைசி ஆள் எவரையும் விட்டுப் போகக் கூடாது.

மாமனார் சொல்லை மருமகள் தட்டக் கூடாது.

அவள் போனாள்.

சிறிது தூரத்தில் ஓர் ஆட்டோ அவளைத் தாண்டியது. உள்ளே இருந்தவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நாடித்துடிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று காலையில் அவள் தன் ஓட்டக் கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டிருந்தாள். ஏறும்போது அதை நிறுத்தத் தோன்றவில்லை. ஓட்டம் முடிந்ததும் தூர, வேகக் கணக்கு தானாக அவள் பெயரில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் மூன்று நாளாக அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலுக்குத் தைலம் மட்டும் தவறாமல் சூடாக வந்தது.

"விடுங்க மாமா. பெனிட்டா அக்காவே வரட்டும்."

அவரை அவள் காத்து நிற்கிறாள். ஐந்து பேர் நடுவில். அவரை.

"நீ வாயை மூடு!"

எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆட்டோவுல ஏறுனது நான். கடிகாரம் இவளுது. கட்டியிருந்தது நான்."



ஏளனத்துக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஏளனம் வரவில்லை. சௌந்தரபாண்டியன் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, உங்க மனசு யாருக்கு வரும். வீட்டுப் பொண்ணுக்காக..."

"யோவ், நடந்ததச் சொல்றேன்யா!"

"சரிங்கய்யா. சரி. இதோட விட்ருவோம்."

"மாமா சொல்றது நிசம்" என்றாள் சுகந்தி.

பெனிட்டா அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். அழுகிற பிள்ளையைத் தடவுவதுபோல.

அவர் பலகைக்குப் போனார். பெனிட்டா என்பதைக் கையாலேயே அழித்தார். சுகந்தி என்று எழுதினார். கோபத்தில் எழுத்து ஒன்றும் நேராக நிற்கவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. காஜா அவருக்காக வழிவிட்டு, தலை குனிந்து நின்றான்.

சனிக்கிழமை குழுவின் வாட்ஸப்பில் பட்டியல் வந்தது.

கடைசி ஆள்: பெனிட்டா.

அதற்குள் பேச்சு தமுக்கம் மைதானத்தைத் தாண்டியிருந்தது. மருமகளின் தப்பைத் தன் தலையில் சுமந்த மனிதர் என்றார்கள். அந்தக் காலத்து ஆள், அவர் குடும்பமே அப்படி என்றார்கள். காலை நடைக்கு வருகிற, முன்பின் தெரியாத இருவர் அவரை நிறுத்தி வணக்கம் வைத்தார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. பசுமலையில் ஏறியவர் அவர். பழங்காநத்தத்தில் இறங்கியவரும் அவர். சுகந்தி அன்றைய ஓட்டத்தின் முப்பது கிலோமீட்டரையும் ஓடித்தான் முடித்தாள்.