தேறாத வண்டி

ஓஹியோவில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு, வெண்டல் என்பவரின் பழைய பிக்கப் வண்டியில் பிரேக் குழாயை அரித்துவிட்டது. பட்டறைக்கு வந்த அவர் மனைவி மார்வெல்லுக்கு இருப்புக்கொள்ளவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி வண்டி தேறாதுன்னு அவர்கிட்ட சொல்லிடு, டெல்பர்ட்!"

மெக்கானிக் நிமிர்ந்தான். "புதுக் குழாய் போட்டா ஜோரா ஓடுமே?"

"அதான் பயம். முந்தாநேத்து சிவப்பு விளக்குல நிக்காமப் போயிட்டார். பிரேக் பிடிக்கலைன்னார். பிரேக் இல்லப்பா, கண்ணு தெரியல. சொன்னா மனுஷன் உடைஞ்சுடுவார்."

டெல்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இதே பொய்யை உங்ககிட்ட சொல்லச் சொல்லி, காலையிலதான் அவர் கெஞ்சிட்டுப் போனார். கண்ணு மங்குறது தெரிஞ்சா நீங்க பயந்துடுவீங்களாம்."

மார்வெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "புதுக் குழாயே போடு. இனிமே நான் ஓட்டறேன்."