தட்டினால் வரும் மீன்

மருமகன் குளக்கரையில் நின்று தீவனத் தகர டப்பாவைத் தட்டுகிறான். தட்டிய மாத்திரத்தில் குளமே கொதிப்பதுபோல் மேலே வரும் மீன்களில் இன்று நாலைந்துதான் தலை காட்டுகின்றன. வயிறு உப்பிய ஒன்றை மாமனார் வலையில் அள்ளிப் பலகையில் போட்டு, துடிக்கத் துடிக்கக் கீறுகிறார். குடல் வெந்த புண்ணாகச் சிவந்து வீங்கியிருக்கிறது. உள்ளே சோயா செரிக்காமல் மாவாகவே கிடக்கிறது. கருவாட்டுத் தூளை நிறுத்திவிட்டு முழுக்க சோயாவுக்கு மாறச் சொன்னவன் மருமகன்தான்.

"கையை நீட்டுங்க மாப்பிள்ளை."

நீட்டுகிறான். குடலை உருவி அவன் உள்ளங்கையில் வைக்கிறார். வேலையாட்கள் வலையில் சிக்கெடுப்பதுபோல் குனிந்துகொள்கிறார்கள். ஒருவனின் தோள் சிரிப்பில் குலுங்குகிறது. வெயிலில் மீனின் செவுள் திறந்து மூடுகிறது.

"பழைய தீவனத்துக்கே மாத்திடலாம் மாமா."

"எதுக்கு? நாளைக்குப் பிடிச்சு வித்துடப் போறோம். எடை போட்டு வாங்குறவன் குடலையா பார்க்கப் போறான்? மிச்ச சோயாவையும் கொட்டுங்க. உங்க ஆசை எதுக்குக் கெடணும்?"

கீறிய மீனை வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் வீசுகிறார். குடலை எங்கே போடுவதென்று தெரியாமல், மருமகன் மற்றக் கையால் டப்பாவைத் தட்டுகிறான்.

கிழிந்த வயிற்றோடு அது சத்தம் வந்த பக்கம் திரும்புகிறது. வாயைத் திறக்கிறது.