அடிச்சாற்றுக்கு ஒரு பெயர்

ஆட்டுக்கறி வறுத்து முடிந்தது. சட்டியின் அடியில் கறிச்சாறும் மசாலாவும் கருஞ்சிவப்பாய் ஒட்டிக் கிடந்தன. கொஞ்சம் வெந்நீர் விழுந்ததும் கரண்டி சுரண்டிக் கொடுத்தது. சாறு பளபளவென்று திரண்டது.

“இதுக்குப் பேரு கரண்டிக் குழம்பு. சுரண்டி எடுத்தது நான்தானே,” என்றது கரண்டி.

“கருகாம வச்சிருந்தது யாரு? சட்டிக் குழம்புன்னு சொல்லு,” என்றது சட்டி.

சண்டை முற்றுவதற்குள் சமைத்த சீனியம்மா சுடுசோற்றைச் சட்டியில் கொட்டி, கரண்டியாலேயே பிரட்டினாள். சாறு முழுவதையும் சோறு குடித்துவிட்டது.

“சட்டிச் சோறு யாருக்கு வேணும்?” என்று அவள் கூப்பிட, வீடே ஓடிவந்தது.

பெயரில் கரண்டி இல்லை. சட்டிக்கு மனசு கேட்கவில்லை. “கோவிச்சுக்காதப்பா. நீ சுரண்டலைன்னா எனக்கு ஏது பேரு?” என்றது.

கரண்டி அதற்குள் பரிமாறக் கிளம்பிவிட்டது. அதன் வாய் நிறையச் சோறு.