மார்ச் வரைக்கும் ஓடினால் போதும்

"மார்ச் வரைக்கும் ஓடினாப் போதும், கண்ணு. அதுக்கு மேல இவரு இருக்க மாட்டாரு."

நோரீன் இதைச் சமையலறையில் நின்றபடி, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவள் புருஷன் கிளிஃபர்ட், மூக்கில் ஆக்சிஜன் குழாயும் மடியில் இரண்டு கம்பளியுமாக, அறையைச் சூடாக்க வேண்டிய, ஆனால் சில்லிட்டுக் கிடந்த ரேடியேட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

பாய்லர் மெக்கானிக் கிரெய்க்குக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரை அவசியமில்லாமல் துடைத்தான்.

நவம்பர் மாதம். வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் அன்று காலை ஜன்னல் கண்ணாடி உள்பக்கமே உறைந்திருந்தது. அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, ஆனால் ரேடியேட்டர் ஒன்றுகூடச் சூடாகவில்லை. சூட்டைக் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிற வால்வு மக்கர் செய்கிறது.

அதைக் கழற்றி உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரை மட்டும் மாற்றலாம், அல்லது வால்வையே புதிதாகப் போடலாம் என்று கிரெய்க் விளக்கியிருந்தான். வாஷர் என்றால் இந்தக் குளிர்காலத்தை எப்படியோ தள்ளும். புது வால்வு என்றால் பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

"பத்து வருஷமா?" நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருக்கு?"

முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துத் தூசியைத் தின்ற நுரையீரல், மார்ச்சைத் தாண்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். ஏப்ரலில் வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய், பெனிடார்ம் கடற்கரையில் தங்கை ஐவியோடு இருக்கப் போகிறாளாம். ஐவி பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்பதுவரை முடிவாகிவிட்டது.

வாசல் கதவின் துவாரத்தில் தபால் விழுந்தது. கிளிஃபர்ட் சிலிண்டர் வண்டியை இழுத்துக்கொண்டு, இரண்டடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கியபடி வாசலுக்குப் போனார். எடுத்துக் கொடுக்கலாமென்று கிரெய்க் கிளம்ப, நோரீன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு கண்ணு. கல்யாணமான நாள்லேர்ந்து தபாலைப் பிரிக்கிறது அவரு உத்தியோகம். எனக்கு வர்ற பிறந்தநாள் கார்டைக்கூட அவருதான் பிரிப்பாரு. அதையாவது செய்யட்டும்."

டீ போட்டு, ஒரு தட்டில் சாக்லேட் பிஸ்கட்டும் வைத்தாள். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள், பிறகு என்னவோ பிடிக்காமல் மீதியைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். இடுப்பில் நிற்காத ஸ்கர்ட்டை ஊக்குப் போட்டுக் குத்தியிருந்ததைப் பெருமையாகக் காட்டினாள். ஆகஸ்டிலிருந்து இரண்டு சைஸ் இறங்கிவிட்டாளாம். பட்டினி கிடக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, பெனிடார்ம் என்று நினைத்தாலே உடம்பு கரைகிறதாம்.

வயிற்று வலிக்கென்று ஆஸ்பத்திரியில் படம்கூட எடுத்துப் பார்த்தாயிற்று. ஏதாவது இருந்தால் லெட்டர் போட்டிருப்பார்களே, லெட்டர் வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம் என்றாள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கிரெய்க்கும் தலையாட்டி வைத்தான்.

ஆனாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ரப்பர் வாஷரை நம்ப முடியாது, கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே புட்டுக்கொண்டாலும் புட்டுக்கொள்ளும், இந்த நெஞ்சோடு அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது என்று சொல்லிப் பார்த்தான்.

"போர்வை இருக்கு. போற மனுஷனுக்குப் புது வால்வு எதுக்கு?"

இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினான். அவளோ, பெனிடார்முக்காக வாங்கிய நீச்சலுடையை எடுத்து வந்து காட்டுகிறேன் என்று மாடிக்கு ஏறினாள். பாதிப் படியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி ஏறினாள்.

அவள் தலை மறைந்ததும் கிரெய்க் முன்னறைக்குப் போய், கிளிஃபர்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினான்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. புதுசே போட்டுடறேன், கூலிகூட வேணாம். இந்தக் குளிர்லயாவது கதகதப்பா இருங்க."

கிளிஃபர்ட் அவன் தோளைத் தட்டினார். நல்ல பையன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பலகைதான் தம்பி. அங்க பேசுறது அத்தனையும் இங்க கேக்கும்" என்றார். "கோடைலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

சற்றுமுன் வாசலில் எடுத்த கவரை இன்னும் கையில் வைத்திருந்தார். அதை நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகுவதற்காக மெத்தையைத் தூக்கினார். அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தன. எல்லாம் பிரித்தவை. எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி முத்திரை. மேலாக இருந்த கடிதத்தில் புற்றுநோய்ப் பிரிவு என்பதும், உடனே வரவும் என்பதும், வந்திருக்க வேண்டிய தேதியும் தடித்த எழுத்தில் இருந்தன. தேதி போன மாதத்தது.

பெயர், திருமதி நோரீன் ஹெப்வர்த்.

மாடியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அலமாரியைக் குடைகிற சத்தம் கேட்டது. கிளிஃபர்ட் மெத்தையைத் தட்டிச் சரிசெய்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"புதுசையே போடு, தம்பி. அவ போனப்புறமும் எனக்குக் குளிரும்."