தேதி முத்திரையின் புத்தாண்டு

நான் தாலுகா ஆபீஸில் இருக்கும் தேதி முத்திரை. எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்றதும் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்கு நடுக்கம் வந்துவிட்டது. வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள்தான் அதற்குத் தெரியுமாம். தொண்ணூற்றொன்பது முடிந்தால் குழம்பிவிடுமாம். அதைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள். கண்காணிப்பாளர் செண்பகவல்லி அதன் தலையில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"என்னைப் பார் தம்பி," என்றேன். "நாலு எண்ணையும் முழுசாகக் குத்துகிறேன். எனக்கு ஏது பயம்?"

"சரிங்கண்ணே," என்றது கம்ப்யூட்டர்.

புத்தாண்டில் ஆபீஸ் திறந்ததும் கம்ப்யூட்டர் 2000 என்று காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். 'கம்ப்யூட்டர் நலம்' என்று கலெக்டருக்கு அறிக்கை தயாரானது. செண்பகவல்லி, வருஷ எண்கள் வரிசையாக இருக்கும் என் ரப்பர் பட்டையை ஒரு எண் தள்ளித் திருப்பி, பார்க்காமலே ஓங்கிக் குத்தினார்.

என் பட்டையில் 1999-க்குப் பிறகு எதுவும் கிடையாது. சுற்றிவந்து, நான் பிறந்த வருஷமான 1988 விழுந்தது.

"ஐயையோ, இதை யாருமே பார்க்கலையா?" என்று அலறினார் செண்பகவல்லி.

கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை.

"அண்ணே, அந்த எலுமிச்சம்பழம் இங்கேதான் இருக்கு. உங்களுக்கு வேணுமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டது.

நான் மைப்பெட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.